மேற்குச் சுவரைப் பற்றிய பத்தி

திர்ஸா லஸ்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் கதவைத் தட்டமாட்டாள், சுவரைத் தட்டுவாள். வண்டியை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, நடுவிரல் முட்டியால் தட்டிக்கொண்டே வீட்டை ஒருமுறை சுற்றி வருவாள். பிறகு எதிர்த் திசையில் இன்னொரு சுற்று. உள்ளே இருக்கிறவர்கள் யாரோ புத்தி பேதலித்தவள் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, லோயர் ஹோல்வெல் பண்ணை வீட்டின் மேற்குச் சுவருக்கு இரண்டாவது சுற்றில் அவள் வந்து நின்றபோது, மாடி ஜன்னல் திறந்தது. வெள்ளை மீசையுடன் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"கதவு தெக்குப் பக்கம் இருக்கு பொண்ணே. அங்க தட்டினா தொறக்காது."

"தெரியும் மிஸ்டர் வான்ஸ்டோன். சுவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

"என்ன சொல்லுது?"

"இன்னும் வாயத் தொறக்கல."

அது பொய். சுவர் வாயைத் திறந்துவிட்டது. இடுப்பு உயரத்தில் தட்டினால் காலிப் பீப்பாய் மாதிரி ஒலித்தது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் ஒலியே இல்லை, தானிய மூட்டையைத் தட்டுவது போலிருந்தது. ஆனால் எதையும் மூன்று முறை கேட்காமல் திர்ஸா வெளியே சொல்வதில்லை. 'பொண்ணே' என்று அழைக்கப்படும்போது அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. எழுபத்தொன்பது வயது வில்ஃப் வான்ஸ்டோனுக்கு ஆறு வயதுச் சிறுமியும் தொண்ணூறு வயதுக் கிழவியும் பொண்ணுதான்.

டெவன் மாவட்டத்தின் வடக்கில், ஆற்றுக்கும் மேட்டு நிலத்துக்கும் நடுவில், பழைய வீடுகளெல்லாம் மண் வீடுகள். வயலில் எடுத்த செம்மண்ணில் வைக்கோலைப் போட்டு, மாடுகளை விட்டு மிதிக்கவைத்து, கல் வரிசையின் மேல் இரண்டடி அகலத்துக்கு ஏற்றிக் கட்டியவை. முந்நூறு வருஷம் சாதாரணமாக நிற்கும். அப்படி ஒரு வீட்டை ஒருவர் வாங்க நினைத்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் உச்சி முதல் அடிவரை பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதித் தருவது திர்ஸாவின் தொழில். இருபத்திரண்டு வருஷமாகத் தனியாகச் செய்கிறாள். அவளுடைய அறிக்கைகள் எண்பது பக்கத்துக்குக் குறையாது. சந்தை நாளில் காப்பிக் கடையில் அவள் நுழைந்தால், "திர்ஸா, போன வருஷ அறிக்கைய கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன், பிரமாதமா நிக்குது" என்று யாராவது கத்துவார்கள். "அறுபதாம் பக்கம் வரைக்கும் படிச்சியா, இல்ல கோழி படிச்சுதா?" என்று அவளும் திருப்பிக் கேட்பாள்.

இந்த வீட்டுக்கு அவளை அழைத்தவள் ரொவீனா பிக்கிள். நாற்பத்தாறு வயது. பக்கத்து எஸ்டேட்டில் நூற்று நாற்பது மாடுகளுக்குப் பால் கறக்கும் வேலை. குடியிருக்கும் வீடும் வேலையோடு வந்தது. இப்போது எஸ்டேட்காரர்கள் மாடுகளை விற்கிறார்கள். வேலையும் போகிறது, வீடும் போகிறது. செப்டம்பர் இருபத்தொன்பது, மைக்கேல்மஸ் நாளன்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த ஊரில் நிலக் கணக்கெல்லாம் அந்த நாளில்தான் முடியும், அந்த நாளில்தான் தொடங்கும். ரொவீனாவுக்குச் சொந்தமாக ஆறு சிவப்பு மாடுகள் உண்டு. நாலு ஏக்கர் புல்வெளியோடு அவள் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தது லோயர் ஹோல்வெல் மட்டும்தான். எட்டுகிற விலைக்குக் காரணமும் இருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்துவிட்டு ஓடிப்போயிருந்தார்கள்.

மூன்றாவதாக வந்தவள் ரொவீனா. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் இருபது நிமிஷம் இருந்தார். பின்பக்கத்துப் பால் அறையின் சுவரில் இரண்டு முள் வைத்த, ஈரம் பார்க்கிற சின்ன மிஷினை அழுத்தினார். அது வீல் என்று அலறியது. 'வீடு முழுவதும் தரையிலிருந்து ஓதம் ஏறியுள்ளது. சுவர்களுக்குள் ரசாயனம் செலுத்தும்வரை கடன் இல்லை. பால் அறை குடியிருக்கத் தகுதியற்றது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தீவனக் கடைக்காரர்தான் ரொவீனாவிடம் சொன்னார்: "அந்தம்மாவக் கூப்பிடு. உனக்குப் பிடிக்காததையெல்லாம் எழுதும். ஆனா இல்லாதத எழுதாது."

திர்ஸா வீட்டுக்குள் வந்ததும் ரொவீனா அவளை நேராகப் பால் அறைக்குத்தான் இழுத்துக்கொண்டு போனாள். கூடவே வில்ஃப். நடைவழியில், சகதி படாத இடமாகப் பார்த்து, பளபளக்கும் பழுப்புச் செருப்போடு நின்றான் வீட்டுத் தரகர் டோபி கிரெஸ்வெல். முப்பது வயது. திர்ஸாவைக் கண்டதும் வந்த புன்னகை பல்வலிக்காரனுடையது.

திர்ஸாவிடமும் அதே மாதிரி மிஷின் இருந்தது. சுவரில் வைத்தாள். அலறியது.

"அதேதான்," என்றாள் ரொவீனா, முகம் வெளுத்து.

"இருங்க. இந்த மிஷின் மரத்துக்காகச் செஞ்சது. மண்ணுல வெச்சா என்ன சொல்லுதுன்னு அதுக்கே தெரியாது." திர்ஸா தரையில் மண்டியிட்டாள். சுவரின் அடிப்பாகத்தைத் தடவினாள். "இங்க காஞ்சிருக்கு. முழங்காலுக்கு மேலதான் சுண்ணாம்பு பொரிஞ்சிருக்கு, நெஞ்சு வரைக்கும். தரையிலேருந்து ஏறுற ஓதம் முழங்கால்லேருந்தா கிளம்பும்?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் பொரிந்த இடத்தில் விரலை வைத்து எடுத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ," என்றான் டோபி.

"மிஸ்டர் வான்ஸ்டோன், இங்க என்ன இருந்துச்சு?"

"இங்கயா? கல்தொட்டி. எங்கம்மா, அவங்க மாமியார், அதுக்கு முன்ன யாரோ. நவம்பர்ல பன்னி அடிச்சா இங்கதான் உப்புப் போட்டு அடுக்குவாங்க."

"எத்தன வருஷம்?"

"வீடு எத்தன வருஷமோ அத்தன வருஷம்."

பொரிந்த பூச்சுக்குப் பின்னாலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைச் சுரண்டி எடை பார்த்தாள். கெட்டி மூடி போட்ட இரும்புக் குடுவை ஒன்று அவளிடம் உண்டு. மண்ணை அதில் போட்டு, கூடவே ஒரு பொடியைப் போட்டு மூடிக் குலுக்கினால், மண்ணில் உண்மையாகவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அடியிலுள்ள முள் காட்டும். மூன்று நிமிஷம் குலுக்கினாள்.

"நூத்துக்கு நாலு. நல்ல சுவர். மிஷின் கத்தினது தண்ணியப் பாத்து இல்ல, உப்பப் பாத்து. அந்த மனுஷன் ஓதம்னு எழுதினது உங்க பாட்டியோட பன்னிக்கறி, மிஸ்டர் வான்ஸ்டோன்."

ரொவீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே திர்ஸாவைக் கட்டிப்பிடித்தாள். அவள் மேலங்கியில் பால் வாசனையும் சாண வாசனையும் வந்தது. "அப்ப கடன் குடுத்துடுவாங்கல்ல? இத அப்படியே எழுதிடுவீங்கல்ல?"

"எழுதுவேன். வீட்ட இன்னும் பாத்து முடிக்கல."

மீதியைப் பார்த்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. கூரை விட்டங்களில் பழுதில்லை. புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது, சரி செய்யலாம். மேற்கு அறையை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். பூப்போட்ட காகிதம் ஒட்டிய, கணப்புப் பக்கத்துச் சுவர். மதிப்பீட்டாளரின் மிஷின் இங்கே சத்தமே போடவில்லை. திர்ஸாவின் மிஷினும் போடவில்லை; அதன் முள் மேல்பூச்சைத் தாண்டிப் போகாது. வீட்டிலேயே மிக அழகான சுவர் அதுதான். திர்ஸா ஒரு நூலில் ஈயக்குண்டைக் கட்டி மேலிருந்து தொங்கவிட்டாள். நூலுக்கும் சுவருக்கும் நடுவில் மேலே இரண்டு விரல் இடைவெளி. இடுப்பு உயரத்தில் சுவர் நூலை முட்டித் தள்ளியது. தொப்பை போட்டிருந்தது.

வெளியே வந்து மூன்றாவது முறை தட்டினாள். மாடி ஜன்னல் கட்டைக்கு அடியிலிருந்து, தலைமுடி தடிமனில் ஒரு விரிசல், வெள்ளைச் சாயத்துக்குள் ஒளிந்துகொண்டு கீழே இறங்கியது.

"இந்தப் பக்கம் யார் சிமென்ட் பூசினது?"

"எங்கப்பா," என்றார் வில்ஃப். நெஞ்சு நிமிர்ந்தது. "அறுபத்தெட்டுல. மழைக் காத்து இந்தப் பக்கந்தான் அடிக்கும். மண்ணு கரையக்கூடாதுன்னு ரெண்டு அங்குலம் போட்டாரு. மூட்டை தூக்கினது நானு. அன்னிலேருந்து ஒரு சொட்டு உள்ள வரல."

"அறைக்குள்ள வரல. விரிசல் வழியா சுவத்துக்குள்ள போனது வெளியவும் போகல. மண் சுவர் மழையில நனையும், காத்துல காயும். சிமென்ட் போட்டா நனையறது மட்டுந்தான் நடக்கும். நான் ஒரு துளை போட்டுப் பாக்கணும், மிஸ்டர் வான்ஸ்டோன். சுண்டுவிரல் அளவு."

"அது முடியாது," என்றான் டோபி. சரளைக் கல்லைவிட்டு இறங்காமலே பேசினான். "பார்வையிட மட்டுந்தான் அனுமதி. சேதம் பண்ண அனுமதி இல்ல."

"நான் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன்."

வில்ஃபின் மீசை துடித்தது. "எங்கப்பன் சுவத்துல ஓட்டை போட உனக்கு அனுமதி இல்ல பொண்ணே. டீ குடிச்சியா? குடிச்சிட்டேன்னா கிளம்பு."

திர்ஸா ஏணியை வண்டியில் ஏற்றிக் கட்டினாள்.

அவள் முப்பத்துமூன்று வயதில் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கேயும் ஒரு மண் வீடு, ஒரு சிமென்ட் பூச்சு. 'இச்சுவரைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது' என்று எழுதினாள். தலைமை ஆள் அதைப் படித்துவிட்டு, "பாக்காதத எதுக்குமா எழுதுற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. வேறு யாரும் அழிக்கவில்லை, அவளே அந்த வரியைத் தன் கையால் அழித்தாள். பிப்ரவரியில், காலைச் சாப்பாட்டு நேரத்தில், அந்தச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. வீட்டுக்காரியின் இடுப்பெலும்பு நொறுங்கிப் போயிற்று. அவள் பிழைத்தாள், நடக்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அறிக்கையில் தப்பான வரி எதுவும் கிடையாதே. திர்ஸா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, சுவர் கட்டுகிறவர்களோடு நாலு வருஷம் மண் மிதித்தாள். சாயங்காலங்களில் தபால் வழியாகப் படித்து மறுபடி தேர்வு எழுதினாள். அதற்குப் பிறகு அழிப்பது என்ற வேலையை அவள் செய்ததில்லை.

எழுதுவதற்கு முன் வாங்குகிறவரிடம் நேரில் சொல்லிவிடுவது அவள் வழக்கம். மறுநாள் மத்தியானம் பால் கறக்கும் கொட்டகைக்குப் போனாள். ரொவீனா பள்ளத்தில் நின்று, தலைக்கு மேல் வரிசையாக நின்ற மாடுகளுக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தாள். திர்ஸா சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவில்லை. முகம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

"உப்புச் சுவர எழுதுங்க. மேற்குச் சுவர விட்டுடுங்க."

"முடியாது."

"நீங்க அதத் தொறந்தே பாக்கல. பாக்காதத எப்படி எழுதுவீங்க?"

அதே கேள்வி. திர்ஸா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பாக்க விடலன்னு எழுதுவேன். தட்டினா என்ன கேட்டுதுன்னு எழுதுவேன். நூலு என்ன காட்டுச்சுன்னு எழுதுவேன். மூணும் நான் பாத்ததுதான்."

"அதப் படிச்சா எந்த வங்கி குடுக்கும்? நான்தான உங்களக் காசு குடுத்துக் கூப்பிட்டேன்! அந்த டோபிகிட்டயா வாங்கினீங்க?"

"நான் பாக்கறதுக்குக் குடுத்தீங்க. கண்ண மூடிக்கிறதுக்கு என்கிட்ட ரேட் கிடையாது."

"உங்களுக்குச் சொல்லச் சுலபம். உங்களுக்கு வீடு இருக்கு. செப்டம்பர்ல நானும் ஆறு மாடும் எங்க போய் நிப்போம்? ரோட்லயா?"

திர்ஸாவுக்கு வீடு இருந்தது. ஒரு மாடு வாலைச் சுழற்றி அவள் தோளில் அடித்தது.

"அந்தச் சுவத்துப் பக்கத்துலதான் கணப்பு இருக்கு," என்றாள் கடைசியில். "குளிர்காலத்துல நீங்க நாற்காலிய அங்கதான் போட்டுப்பீங்க. எல்லாரும் அங்கதான் போடுவாங்க."

"போங்க மிஸ் லஸ்கம். எனக்கு வேலை இருக்கு."

வெள்ளிக்கிழமை டோபி தொலைபேசியில் வந்தான். "அந்த ஒரு பத்தி, திர்ஸா. ஒரே ஒரு பத்தி. அது போச்சுன்னா எல்லாருக்கும் நல்லது. இல்லன்னா ஊர்ல இருக்கற அஞ்சு தரகர் ஆபீஸ்லயும் உங்க பேர யாரும் சொல்லமாட்டாங்க."

"இதுவரைக்கும் எப்பச் சொன்னீங்க, இனிமே நிறுத்தறதுக்கு?"

அறிக்கை எண்பத்து நாலு பக்கம் வந்தது. பதினேழாம் பக்கத்தில் உப்பு. அறுபத்தோராம் பக்கத்தில் இது:

'மேற்குச் சுவரைத் திறந்து பார்க்க உரிமையாளர் அனுமதிக்கவில்லை. தட்டினால் மேலே கூடாகவும் கீழே ஒலியற்றும் உள்ளது. இரண்டு விரல் பிதுக்கம். சிமென்ட் பூச்சுக்குள் மண் நனைந்து குழைந்திருக்கிறது என்று கருதுகிறேன். முட்டுக் கொடுத்து, திறந்து, உலரவிடாமல் இந்த அறையில் யாரும் குடியிருக்கக் கூடாது.'

'கருதுகிறேன்' என்ற சொல்லில் அவள் வெகுநேரம் நின்றாள். 'தெரிகிறது' என்று போட அவளிடம் ஆதாரமில்லை. 'இருக்கலாம்' என்று போட மனமில்லை. அப்படியே விட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

ஒன்பது நாள் யாரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வில்ஃப் கூப்பிட்டார்.

"அந்தப் பால்காரப் பொண்ணு வந்து அறுபத்தோராம் பக்கத்த என் மேஜை மேல வெச்சுட்டு, என் நாற்காலிய மேற்குச் சுவர் ஓரமா இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. நீ தொறந்து காட்ற வரைக்கும் எந்திரிக்கமாட்டேங்குது. விழறதுன்னா என் மேல விழட்டும்ங்குது. உன் துளைக் கருவியக் கொண்டா. பொடி காஞ்சு வந்துச்சுன்னா, அந்தப் பக்கத்த என் கண்ணு முன்னாடி நீயே கிழிச்சுப் போடணும்."

"கிழிக்கிறேன். அனுமதிய எழுதிக் கையெழுத்துப் போட்டு வைங்க. ஈரமா வந்துச்சுன்னா?"

"வராது."

"முதல்ல அவள அந்த நாற்காலியிலேருந்து எழுப்புங்க மிஸ்டர் வான்ஸ்டோன். நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க."

திர்ஸா போய்ச் சேர்ந்தபோது வில்ஃப் டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார், யாரோ இறந்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. டோபியும் வந்திருந்தான், ரப்பர் காலணியோடு. ரொவீனா திர்ஸாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

திர்ஸா முழங்கால் உயரத்தில் துளைக்கத் தொடங்கினாள். முதலில் சாம்பல் நிறப் பொடி. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம். காய்ந்து பறந்தது.

"பாத்தியா!" என்றார் வில்ஃப்.

"இது உங்கப்பா. நான் உங்க கொள்ளுத்தாத்தாவப் பாக்கணும்."

அடுத்த அரை அங்குலத்தில் பொடி நின்றது. கருவியின் சத்தம் மாறியது. அவள் வெளியே இழுத்தபோது கேக் மாவு மாதிரி பழுப்புச் சேறு சுற்றிக்கொண்டு வந்தது. துளையிலிருந்து மெல்லிய ஒரு கோடு தண்ணீர் வெள்ளைச் சாயத்தின் மேல் இறங்கி, தரையைத் தொட்டது.

குடுவையைக் குலுக்கினாள். பதினாலு. முள்ளை வில்ஃபிடம் நீட்டினாள். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. சேற்றைக் கையில் வாங்கி, விரலால் உருட்டி, மோந்து பார்த்தார். கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"மூட்டை தூக்கினது நானு," என்றார்.

பிறகு திடீரென்று எழுந்து, கொட்டகைக்குப் போய், கடப்பாரையோடு வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓங்கிவிட்டார். திர்ஸா சுவருக்கும் கடப்பாரைக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்றாள்.

"தள்ளு! எங்கப்பன் போட்டத நானே எடுக்குறேன்!"

"எடுங்க. இன்னிக்கு இல்ல. இப்ப இந்தச் சுவரப் பிடிச்சு நிறுத்தியிருக்கறதே உங்கப்பாவோட சிமென்ட்தான். அத உரிச்சீங்கன்னா கூரை உங்க டையில வந்து நிக்கும்."

வில்ஃப் கடப்பாரையை இறக்கினார். மூச்சு வாங்கியது.

டோபி தொண்டையைச் செருமினான். "அப்ப விற்பனை முடிஞ்சதுன்னு வெச்சுக்கலாமா?"

"யாரு சொன்னது?" வில்ஃப் அவன் பக்கம் திரும்பினார். "வீடு உன்னுதா? ரப்பர் செருப்பு போட்டு வந்தா விவசாயி ஆயிடுவியா? பொண்ணே," என்று ரொவீனாவைப் பார்த்தார், "இதுக்கு மேலயும் இது உனக்கு வேணுமா?"

ரொவீனா துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக அவள் சுமந்துகொண்டிருந்த கோபம் போவதற்கு இடம் தேடியது போலிருந்தது. "முட்டுக்கு மரம் எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

அந்த வேலைக்கு அவசரம் ஆகாது. முட்டுக் கொடுத்த பிறகு இரண்டடி இரண்டடியாகத்தான் சிமென்ட்டை உரிக்கலாம். உரித்த இடத்தை மழையிலிருந்து மறைத்துக் காற்றுக்குத் திறந்துவைக்க வேண்டும். மண் ஒரு மாசத்துக்கு ஒரு அங்குலம் காய்ந்தால் அதிகம். கறவை முடித்துவிட்டு ரொவீனா தினம் வந்தாள். வில்ஃப் ஒவ்வொரு துண்டாகத் தட்டி எடுத்து வேலியோரம் அடுக்கினார். மாசம் ஒருமுறை திர்ஸா குடுவையோடு வந்து, உட்கார்ந்து, குலுக்கினாள். ஏப்ரலில் பதிமூன்று. ஜூனில் பதினொன்று. ஆகஸ்டு முழுக்க மழை.

செப்டம்பர் எட்டாம் தேதி முள் எட்டில் நின்றது.

"நீங்க எவ்வளவுக்குக் கையெழுத்துப் போடுவீங்க?" என்று கேட்டாள் ரொவீனா.

"ஆறு."

"எட்டு ஆறுக்குப் பக்கந்தான்," என்றார் வில்ஃப். "மூணு வாரத்துல இவ வீட்டக் காலி பண்ணணும். கொஞ்சம் மனசு வை பொண்ணே."

"எட்டு எட்டுதான் மிஸ்டர் வான்ஸ்டோன்."

திர்ஸா ரொவீனாவின் வாயைப் பார்த்தாள். கொட்டகையில் கேட்ட 'விட்டுடுங்க' மறுபடி வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"சரி," என்றாள் ரொவீனா. "அப்ப நான் உப்பு அறையில படுத்துக்கறேன். அந்த அறைக்கு நீங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வில்ஃப், வாடகைக்கு விடுவீங்களா?"

"வீடு வாங்கப்போறவ வாடகைக்கா? பன்னி கிடந்த எடம், பரவாயில்லயா?"

"நவம்பர்ல எனக்கு உப்புத் தடவாம இருந்தா சரி."

மைக்கேல்மஸ் அன்று ஆறு சிவப்பு மாடுகள் சாலையில் நடந்து வந்து நாலு ஏக்கரில் இறங்கின. பால் அறையில் ஒரு கட்டிலும் ஒரு இரும்பு அடுப்பும் வந்தன. 'குடியிருக்கத் தகுதியற்றது' என்ற வங்கிக் கடிதத்தை ரொவீனா கட்டிலுக்கு மேலே நாலு ஆணி அடித்து மாட்டினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்று தீவனக் கடையில் எல்லோரிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். தரகர் ஆபீஸ்கள் ஐந்தும் திர்ஸாவின் பெயரைச் சொல்வதில்லை என்பதும் உண்மைதான். அதற்குப் பதிலாகத் தீவனக் கடை சொல்ல ஆரம்பித்திருந்தது.

மறு ஏப்ரலில் முள் ஐந்தரையைக் காட்டியது. திர்ஸா மறுபடி குலுக்கினாள். ஐந்தரை. வேறொரு இடத்தில் துளைத்து மூன்றாவது முறை பார்த்தாள். அன்று மாலையே எழுதி அனுப்பினாள்.

இன்னொரு கடன் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒரு இளம்பெண். அவளும் நேராகப் பால் அறைக்குப் போய், கட்டில் பக்கத்துச் சுவரில் மிஷினை அழுத்தினாள். வீல்.

அடுப்பில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்த ரொவீனா திரும்பவில்லை. "அது அப்படித்தான் கத்தும். ஏழு மாசமா அதுக்குப் பக்கத்துலதான் தூங்கறேன். பதினேழாம் பக்கம் பாருங்க."

அந்தப் பெண் படித்தாள். கட்டிலைப் பார்த்தாள், மேலே ஆணி அடித்த கடிதத்தைப் பார்த்தாள், மிஷினை அணைத்தாள். மேற்கு அறையில் மறுபடி எடுத்தாள். அது சத்தமில்லாமல் இருந்தது. "இங்க நல்லாயிருக்கு," என்றாள்.

"இத நம்பாதீங்க," என்றாள் திர்ஸா. "போன வருஷம் உள்ள சேறா இருந்தப்பவும் இது இங்க வாயத் தொறக்கல." குடுவையை அவள் கையில் கொடுத்தாள். "நீங்களே துளைச்சு, நீங்களே குலுக்குங்க. மூணு நிமிஷம். கை வலிக்கும்."

அந்தப் பெண் குலுக்கினாள். முள்ளைப் படித்தாள். குறித்துக்கொண்டாள். பிறகு அறுபத்தோராம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, "இந்தப் பத்திய இனிமே எடுத்துடலாம்ல? படிக்கிறவங்க பயப்படுவாங்க. வீட்டுக்காரங்களுக்கும் அதான விருப்பம் இருக்கும்," என்றாள்.

திர்ஸா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கையில் வறுக்கும் கரண்டியோடு கதவடியில் வந்து நின்ற ரொவீனா சொன்னாள்:

"ஒரு எழுத்தக்கூட எடுக்கக்கூடாது. காஞ்சுதுன்னு கீழ எழுதிக்கங்க. நாளைக்கு நான் இத விக்கறப்ப, வாங்கறவளுக்கும் இது தெரியணும்."

அந்தப் பெண் திர்ஸாவைப் பார்த்தாள்.

"அவங்க வீடு," என்றாள் திர்ஸா, ஈயக்குண்டின் நூலைச் சுற்றிக்கொண்டே.